தனியே வரும் குழந்தைக்குக் கடைக்காரரே பெரியவர்

கொங்கு நாட்டுக் குடும்பங்களில் ஒரு குழந்தை தனியாகச் செய்யும் முதல் வெளிவேலை, பெரும்பாலும், தெருமுனைக் கடைக்குப் போய்வருவதுதான். பால் பாக்கெட், கொத்தமல்லித் தழை, அரைக் கிலோ சர்க்கரை என்று சிறு சிறு பொருள்களை வாங்கிவரும்போதே குழந்தை கணக்குப் பார்க்கிறது. மீதிச் சில்லறையை எண்ணுகிறது. பெரியவர்களிடம் அச்சமின்றிப் பேசப் பழகுகிறது. இந்தப் பழக்கத்தை நாங்கள் குறைகூற வரவில்லை. பிள்ளைகள் கடைக்குத் தனியே போகட்டும். அப்படிப் போகும் பிள்ளையிடம் எதை விற்கலாம், எதை விற்கலாகாது என்பதே எங்கள் வினா.

எங்கள் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். தாயோ தந்தையோ உடன் இல்லாமல் ஒரு குழந்தை கடை முன் நிற்கும்போது, அந்த இடத்தில் இருக்கும் பெரியவர் கடைக்காரர்தான். காசு வந்தால் பொருளைக் கொடுப்பது என்னும் முறை இரண்டு பெரியவர்களுக்கு இடையே போதுமானது. பத்து வயதுப் பிள்ளையிடம் அது போதாது. குறிப்பாக, எனர்ஜி டிரிங்க் எனப்படும் காஃபீன் கலந்த குளிர்பானங்களைத் தனியே வரும் சிறுவர் சிறுமியர்க்கு விற்பதைக் கடைகள் தாமாகவே நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கடை மாறிவிட்டது

முன்பெல்லாம் மளிகைக் கடையில் பொருள்கள் கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் இருந்தன. பிள்ளை கேட்க வேண்டும். அவர் எடுத்துத் தர வேண்டும். "ஆரு ஊட்டுப் பையன் கண்ணு?" என்று ஒரு கேள்வி இடையில் வரும். அந்தக் கேள்வி ஒரு காவலாக இருந்தது. கேட்ட பொருள் பிள்ளைக்கு ஆகாததென்றால், அன்று மாலைக்குள் செய்தி வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும்.

இன்று கோவை மாநகரில் தெருவுக்குத் தெரு பேக்கரி இருக்கிறது. கண்ணாடிக் கதவு வைத்த ஃபிரிட்ஜ் வாசலிலேயே நிற்கிறது. வண்ண வண்ணப் பாட்டில்கள் பிள்ளைகளின் கண்மட்டத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. சூப்பர் மார்க்கெட்டிலோ, பிள்ளையே எடுத்துக்கொண்டுபோய்ப் பில் போடும் இடத்தில் வைத்துவிடுகிறது. ஒரு காலத்தில் நூறு ரூபாயை ஒட்டிய விலையில் டின்களில் மட்டும் கிடைத்த இவ்வகைப் பானம் இப்போது இருபது ரூபாய் பாட்டிலிலும் கிடைக்கிறது. இருபது ரூபாய் என்பது பள்ளிப் பிள்ளையின் சட்டைப்பையில் இருக்கும் பணம்.

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலும், பல்லடம், சோமனூர் விசைத்தறிக் கூடங்களிலும் தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் வீடுகள் நம் பகுதியில் ஏராளம். பள்ளி விட்டபின் அவர்கள் திரும்பும்வரை பிள்ளைகள் தனித்திருப்பது தவிர்க்க இயலாதது. பசித்தால் வாங்கிச் சாப்பிடட்டும் என்று பெற்றோர் கையில் காசு கொடுத்துச் செல்கின்றனர். இதில் அவர்கள் குற்றம் ஏதுமில்லை. அந்தக் காசு எந்தப் பொருளாக மாறுகிறது என்பதுதான் கவலைக்குரியது.

பெயரில் இருக்கும் மயக்கம்

எனர்ஜி என்னும் சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. சோர்ந்த உடலுக்கு இப்பானம் வலிமை தரும் என்று பிள்ளைகளும் பெற்றோர் பலரும் நம்புகின்றனர். இதிலுள்ள சர்க்கரை சிறிது கலோரி தரும். அதை ஒரு வாழைப்பழமும் தரும். இப்பானத்தைப் பிற குளிர்பானங்களிலிருந்து வேறுபடுத்துவது காஃபீன். காஃபீன் உடலுக்கு ஆற்றல் எதையும் தருவதில்லை.

நாம் விழித்திருக்கும் நேரம் கூடக்கூட, மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்கிறது. ஓய்வு வேண்டும் என்ற செய்தியை நரம்புகளுக்குத் தருவது அதுவே. அச்செய்தி சென்று சேரும் இடங்களைக் காஃபீன் அடைத்துக்கொள்கிறது. ஆகவே சோர்வு தெரியாமல் போகிறதே ஒழியத் தீர்வதில்லை. வண்டியில் பெட்ரோல் அளவு காட்டும் முள்ளைத் துணியால் மூடிவிட்டால் டாங்கி நிரம்பிவிடாது. அதே வேளையில் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன.

இதன் அளவை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, காஃபீன் பானத்தில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம். மேல்வரம்பை ஒட்டிய பானமென்றால் 250 மில்லி பாட்டிலில் 75 மில்லிகிராம். குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் ஒரு நாளில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 மில்லிகிராம் காஃபீனுக்கு மேல் செல்லலாகாது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் வெளியிட்ட அறிக்கையிலிருந்து பெறப்படும் அளவு. எட்டு வயதுப் பிள்ளையின் எடை ஏறக்குறைய 25 கிலோ. மூன்றை இருபத்தைந்தால் பெருக்கினால் எழுபத்தைந்து. ஒரே ஒரு சிறு பாட்டிலில் அப்பிள்ளையின் ஒரு நாள் எல்லை முடிந்துவிடுகிறது. 45 கிலோ எடையுள்ள பத்தாம் வகுப்பு மாணவர் இரண்டு பாட்டில் குடித்தால் எல்லையைக் கடந்துவிடுகிறார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2011-இலேயே இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது: குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் ஆகியோரின் உணவில் இப்பானங்களுக்கு இடமே இல்லை.

எங்கள் பிரிவுக்கு இதன் விளைவுகள் பல வடிவங்களில் வருகின்றன. நெஞ்சு படபடக்கிறது என்று ஒரு பிள்ளை. கை நடுங்குகிறது, வாந்தி வருகிறது என்று ஒரு பிள்ளை. இரவில் தூக்கமில்லை, காலையில் தலைவலி என்று மற்றொரு பிள்ளை. பொதுத்தேர்வுக் காலத்தில் இவை மிகுகின்றன. காய்ச்சலா, கண் பார்வைக் குறையா, பயமா என்று பெற்றோர் தேடுகின்றனர். மாலையில் என்ன குடித்தாய் என்று நிதானமாகக் கேட்டால்தான் பாட்டிலின் பெயர் வெளிவருகிறது. பெரியவர்களில் காஃபீனின் பாதியளவு உடலை விட்டு நீங்கவே ஐந்து மணி நேரம் ஆகலாம். இரவு ஏழு மணிக்குக் குடித்துவிட்டுப் படித்த பிள்ளைக்கு நள்ளிரவிலும் தூக்கம் வராததில் வியப்பில்லை. படித்தது நினைவில் பதிவதற்குத் தூக்கம் தேவை. தேர்வுக்காகக் குடித்த பானம் தேர்வுக்கே பகையாகிறது.

பெரும்பாலான பிள்ளைகள் சில மணி நேரத்தில் தேறிவிடுவர் என்பதையும் சொல்ல வேண்டும். வீண் அச்சம் ஊட்டுவது எங்கள் நோக்கமன்று. ஆனால் பிறவியிலேயே இதயத் துடிப்பின் சீரில் குறைபாடுள்ள பிள்ளைகள் சிலர் உள்ளனர். அது வெளியே தெரிவதில்லை. வலிப்பு நோய்க்கு மருந்து உண்ணும் பிள்ளைகள், ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் போன்ற மருந்து எடுக்கும் பிள்ளைகள் ஆகியோருக்கும் இப்பானம் தீங்கு செய்யக்கூடும். எந்தப் பிள்ளைக்கு எந்த நோய் இருக்கிறது என்பது கடைக்காரருக்குத் தெரியாது. தெரியாது என்பதாலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் மறுப்பது முறையாகிறது.

சட்டம் எங்கே நின்றுவிடுகிறது

இப்பானங்கள் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மார்க்கும் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று பாட்டிலின் மேல் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டின் விதி. அவ்வாறே அச்சிடப்படுகிறது, பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். பத்து வயதுப் பிள்ளை அதைப் படிக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? எச்சரிக்கை பாட்டிலில் இருக்கிறது. அந்தப் பாட்டிலை எடுத்துக் கொடுக்கும் கையை நாடு முழுவதற்குமான வயது வரம்பு எதுவும் கட்டுப்படுத்தவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கான உணவு குறித்து 2020-இல் வந்த விதிமுறைகள், சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் மாணவர்க்கு விற்கலாகாது என்கின்றன. ஐம்பத்தோராவது மீட்டரில் இருக்கும் கடைக்கு மனச்சான்று ஒன்றே விதி.

புகையிலையில் சட்டம் இதைவிடத் தெளிவாக இருக்கிறது. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிறையாதவர்க்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் யாருக்கு விற்பதும் குற்றம். வாங்கியவர் சிறுவர் அல்லர் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு விற்றவரையே சாரும். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமோ, குழந்தைக்கு மதுவோ புகையிலையோ கொடுப்பவர்க்கு ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. அப்பாவுக்குப் பீடிக்கட்டு வாங்கிவர வரும் பிள்ளைக்கு அதைக் கொடுப்பதும் சிறுவர்க்கு விற்பதேயாகும் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்த இடத்தில் குறை கடையினுடையது மட்டுமன்று, அனுப்பிய வீட்டினுடையதும்தான்.

நம் மண்ணே கற்றுத்தந்த பாடம்

விற்க மறுப்பது நம் பழக்கத்துக்குப் புதிது என்று எவரும் சொல்ல முடியாது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டத்தார்க்குச் சாணிப்பவுடர் என்றால் விளக்கம் வேண்டியதில்லை. மாட்டுச் சாணம் கிடைப்பது அரிதானபோது, வாசல் தெளிக்க அதன் நிறத்தில் ஒரு சாயப்பொடி கடைகளுக்கு வந்தது. மஞ்சள் பொடியில் இருந்தது ஆரமின். பச்சைப் பொடியில் இருந்தது மாலகைட் கிரீன். இரண்டும் நச்சு. சில ரூபாய்க்குக் கிடைத்த அப்பொட்டலத்தை வாங்கிவர வீட்டிலுள்ள பிள்ளைகளையே அனுப்பிவந்தோம். அப்பொடியால் எத்தனை உயிர்கள் போயின என்பதை இப்பகுதி மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகள் நன்கறியும்.

2022-ஆம் ஆண்டு அன்றைய மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன், சாணிப்பவுடருக்குத் தடை கொண்டுவரப்படும் என்று அறிவித்தார். எலி மருந்தை வெளியே தெரியும்படி வைக்கலாகாது, தனியே வருவோர்க்கு விற்கலாகாது என்ற அறிவுறுத்தலும் கடைகளுக்கு வந்தது. அந்த அறிவுறுத்தலின் உட்கருத்தை எண்ணிப் பாருங்கள். பொருளை மட்டும் பார்க்காதே. அதைக் கேட்டு நிற்கும் மனிதரையும் பார் என்பதுதான் அது. எனர்ஜி டிரிங்கை நஞ்சோடு ஒப்பிடுவது எங்கள் கருத்தன்று. இரண்டும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. ஆனால் கேட்டு நிற்பவரைப் பார்த்து விற்பது என்னும் பண்பு இரண்டுக்கும் ஒன்றே.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதற்கும் சான்று உண்டு. லிதுவேனியா 2014-இலும், லாட்வியா 2016-இலும், போலந்து 2024-இலும் 18 வயதுக்குட்பட்டோர்க்கு இப்பானங்களை விற்பதைச் சட்டத்தால் தடுத்தன. பிரிட்டனில் நடந்தது வேறு. அங்குப் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் 2018-இல் தாமாகவே முன்வந்து, 16 வயதுக்குட்பட்டோர்க்கு விற்பதில்லை என்று முடிவெடுத்தன. இங்கிலாந்துக்கான சட்ட முன்மொழிவை அரசு 2025-இலும் வெளியிட்டது. கடைகள் சட்டத்தை முந்திக்கொண்டன. கோவைக் கடைகளால் அது ஏன் முடியாது?

கடைக்காரர்கள் கேட்கக்கூடிய கேள்விகள்

நான் மறுத்தால் அடுத்த கடையில் வாங்கிக்கொள்வான் என்பது முதற் கேள்வி. உண்மைதான். ஆகவேதான் இதைத் தனிக்கடையின் தியாகமாக விடாமல், அந்தந்தப் பகுதி வணிகர் சங்கங்கள் கூடி எடுக்கும் முடிவாக ஆக்க வேண்டும். ஒரு பள்ளியைச் சுற்றியுள்ள ஐந்தாறு கடைகள் ஒத்துக்கொண்டாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

வயதை எப்படி அறிவது என்பது அடுத்த கேள்வி. பள்ளிச் சீருடையில் நிற்கும் பிள்ளைக்கு ஆதார் அட்டை தேவையில்லை. ஐயம் வந்தால் மறுப்பது என்று வைத்துக்கொண்டால் போதும்.

நீங்கள் காபி கொடுப்பதில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். நேர்மையான கேள்வி. ஒரு டம்ளர் காபியிலும் காஃபீன் உண்டு. சில வேளை இதே அளவும் உண்டு. சிறு பிள்ளைகளுக்குக் காபியையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஆனால் வீட்டில் சூடாக, கசப்போடு, அம்மாவின் கண் முன் பருகும் காபியை ஒரு பிள்ளை ஒரே மூச்சில் குடிப்பதில்லை. இரண்டாவது டம்ளர் கேட்டால் அதட்டல் கிடைக்கும். இனிப்பாக, குளிர்ச்சியாக, நண்பர்களோடு பந்தயம் வைத்துக் குடிக்கும் பாட்டிலுக்கு அந்தத் தடை எதுவுமில்லை.

வருமானம் குறையுமே என்பதை நாங்கள் இலேசாக எண்ணவில்லை. சிறு கடைக்கு ஒவ்வொரு ரூபாயும் முக்கியம். எனினும் பிள்ளை கொண்டுவந்த இருபது ரூபாய் கடையை விட்டுப் போய்விட வேண்டியதில்லை. மோர், எலுமிச்சைச் சாறு, கடலை மிட்டாய், வாழைப்பழம் ஆகியவற்றை அந்த ஃபிரிட்ஜின் அருகிலேயே பிள்ளையின் கண்மட்டத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆகவே கடைகளிடம் நாங்கள் கேட்பவை சில மட்டுமே. காஃபீன் பானங்களை மேல்தட்டுக்கு மாற்றுங்கள். பெரியவர் துணையின்றி வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இவை விற்கப்படுவதில்லை என்று தமிழில் ஒரு பலகை வையுங்கள். அப்பா வாங்கிவரச் சொன்னார் என்றால், அப்பாவையே வரச் சொல்லுங்கள் கண்ணு என்று அன்போடு திருப்பி அனுப்புங்கள். மருந்துக் கடைக்காரர்கள், பிள்ளையின் கையில் சீட்டு இருந்தாலும் வீட்டுக்கு ஒரு முறை தொலைபேசியில் பேசிவிட்டுக் கொடுங்கள். வழிதவறியோ, அழுதுகொண்டோ, மிரண்டோ ஒரு குழந்தை கடை முன் நின்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள். மருத்துவமனைகளின் எதிரிலுள்ள கடைகளுக்கும், வளாகத்துக்குள் இயங்கும் சிற்றுண்டிச்சாலைகளுக்கும் இவை அனைத்தும் பொருந்தும். எங்கள் வளாகமும் அதற்கு விலக்கன்று.

உடனிருப்போர் கவனத்துக்கு

இவ்விதழைப் படிப்போரில் பலர் நோயாளியின் உடனிருந்து கவனித்துக்கொள்பவர்கள். உங்களுக்குத் தனியாகச் சில சொற்கள்.

படுக்கையருகே நீங்கள் இருக்க, உடன் வந்த சிறு பிள்ளையிடம் ஐம்பது ரூபாயைக் கொடுத்துக் கீழே போய் ஏதாவது வாங்கிச் சாப்பிடு என்று அனுப்ப நேர்கிறது. வேறு வழியில்லாத சூழலில் அது இயல்பே. அப்போது 'ஏதாவது' என்று சொல்லாமல், என்ன வாங்க வேண்டும் என்று பெயர் சொல்லி அனுப்புங்கள். நோயுற்ற பிள்ளையைப் பார்க்க வரும் உறவினர், சோர்வாக இருக்கிறான் என்று இப்பானத்தை வாங்கிவந்தால், நயமாக மறுத்துவிடுங்கள்.

வயிற்றுப்போக்கின்போது எனர்ஜி டிரிங்க் கொடுப்பது மிகவும் தவறு. அப்போது வேண்டியது உலக சுகாதார நிறுவனத்தின் அளவீட்டின்படி தயாரான ஓ.ஆர்.எஸ். பொடி மட்டுமே. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். அந்த அளவீட்டுக்குப் பொருந்தாத இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கலாகாது என்று தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் ஆணையிட்டது. ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாது போராடியதன் பயன் அது. கடைக்குப் பிள்ளையை அனுப்பி வாங்காமல், மருந்துக் கடையில் நீங்களே கேட்டு, பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள்.

இப்பானத்தைக் குடித்த பிள்ளைக்கு நெஞ்சுவலி, மயக்கம், நிற்காத படபடப்பு, வலிப்பு, தொடர் வாந்தி ஆகியவற்றில் எது தோன்றினாலும் 108-ஐ அழையுங்கள். காலிப் பாட்டிலையும் உடன் கொண்டுவாருங்கள். எவ்வளவு காஃபீன் உள்ளே சென்றது என்று கணக்கிட அது எங்களுக்கு உதவும். பிள்ளையைத் திட்டாதீர்கள். திட்டுக்கு அஞ்சும் பிள்ளை, குடித்த அளவைக் குறைத்தே சொல்லும்.

பள்ளி வாயிலருகே இவை மாணவர்க்கு விற்கப்படுவதைக் கண்டால், முதலில் கடைக்காரரிடம் நேரில் பேசுங்கள். பெரும்பாலோர் தம் வீட்டிலும் பிள்ளைகள் உள்ளவர்கள், சொன்னால் கேட்பார்கள். பயனில்லையென்றால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண்ணான 94440 42322-க்குப் புகார் அனுப்பலாம்.

மருத்துவமனைக்கு ஒரு பிள்ளை வந்தபின் நாங்கள் செய்யக்கூடியது சிகிச்சை மட்டுமே. வராமல் தடுக்கும் வாய்ப்பு எங்களுக்கு முன்பே ஒருவருக்குக் கிடைக்கிறது. அவர் தெருமுனைக் கடையின் கல்லாவில் அமர்ந்திருக்கிறார். இந்த வாரம் உங்கள் தெருக் கடைக்குச் செல்லும்போது அவரிடம் ஒரு சொல் சொல்லிவையுங்கள்: "எங்க பசங்க தனியா வந்தா இதைக் கொடுக்காதீங்கண்ணா." ஒரு தெருவில் பத்துக் குடும்பங்கள் இவ்வாறு சொன்னால், அந்தக் கடைக்கு வேறு சட்டம் தேவைப்படாது.